ஊருக்கு ஒரு புத்தகக் கடை வேண்டாமா?

சென்ற மாதம் நமது ஊர்க் கடைவீதியில் ஒரு கடை மூடப்பட்டுப் போயிற்று. அதற்காக யாரும் கண்டனக் கூட்டம் போடவில்லை. யாரும் சுவரொட்டி ஒட்டவில்லை. மூடப்பட்டது ஒரு கோயிலாகவோ, ஒரு சினிமாக் கொட்டகையாகவோ இருந்திருக்குமானால் ஊர் இரண்டுபட்டிருக்கும். ஆனால் மூடப்பட்டது ஒரு புத்தகக் கடைதானே! முப்பது வருஷ காலம் அக்கடையை நடத்தி வந்தவர், மிச்சமிருந்த புத்தகங்களில் பாதியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதியைப் பழைய பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டு, பெயர்ப் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். இப்பொழுது அந்த இடத்தில் செல்போன் உறைகள் தொங்குகின்றன.

நாம் சங்கதி தெரிந்து அவர் வீட்டுக்குப் போய், "ஏன் அய்யா இப்படிச் செய்துவிட்டீர்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டோம். அதற்கு அவர் கோபப்படாமல், "மூடினதை விசாரிக்க வந்தீர்கள், சந்தோஷம். திறந்திருந்தபோது கடைசியாக எப்போது வந்தீர்கள்?" என்று கேட்டார். நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனெனில் நாம் அக்கடைக்குள் கால் வைத்து ஒன்றரை வருஷமாகியிருந்தது. மேடைக்கு மேடை "படியுங்கள், படியுங்கள்" என்று தொண்டை கிழியப் பேசிக்கொண்டே, பக்கத்துத் தெருவிலிருந்த புத்தகக் கடையைப் பட்டினி போட்டுக் கொன்றவர்களில் நாமும் ஒருவராவோம். ஆகவே இந்தத் தலையங்கம் முதலில் நமக்கும், பிறகு மற்றவர்களுக்கும் எழுதப்படுவதாகும்.

சிலர் சொல்லுவார்கள், "ஒரு கடை போனால் என்ன? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னும் மூன்று நான்கு இருக்கின்றனவே" என்று. உள்ளே போய்ப் பார்த்தால் நோட்டு, பேனா, பரீட்சைக் கைடு, ராசிபலன், மனையடி சாஸ்திரம், கனவுக்குப் பலன், கோலப் புத்தகம் ஆகிய இவ்வளவுதான் இருக்கும். இவற்றை விற்கிறவர் மேல் நமக்குக் கோபமில்லை. அவர் தம் வயிற்றுக்காக விற்கிறார். ஆனால் கைடு விற்கிற கடை பரீட்சைக் கடை. ராசிபலன் விற்கிற கடை ஜோசியக் கடை. ஒரு மனிதன் தனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை, யாருடைய கட்டாயமுமின்றித் தானே தேடி எடுத்துப் புரட்டிப் பார்த்து, பிடித்தால் வாங்கவும், பிடிக்காவிட்டால் திருப்பி வைத்துவிட்டுப் போகவும் இடங்கொடுக்கின்ற கடை எதுவோ, அதைத்தான் நாம் புத்தகக் கடை என்று சொல்லுகின்றோம்.

இந்தச் சவுகரியம் நமது மக்களுக்குச் சும்மா வந்துவிடவில்லை. தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகம் 1578ஆம் வருஷத்திலேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. இந்திய பாஷைகளில் தன் சொந்த எழுத்தில் இந்நாட்டில் முதன்முதல் அச்சேறியது தமிழ்தான் என்று நாம் பெருமை பேசிக் கொள்ளுகின்றோம். ஆனால் அப்பெருமையால் பாமர மக்களுக்கு உண்டான லாபம் என்ன? அச்சுக்கூடம் முதலில் பாதிரிமார் கையிலும், பிறகு கம்பெனிச் சர்க்காரின் கட்டுப்பாட்டிலும் இருந்து வந்தது. 1835ஆம் வருஷத்தில் அக்கட்டுப்பாடு தளர்ந்த பிறகுதான் நம்மவர்கள் தாராளமாக அச்சுக்கூடம் வைக்க முடிந்தது. அதாவது எழுத்து அச்சேறியும் 250 வருஷத்துக்கு மேல் காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. அச்சு வருவதற்கு முந்தி ஏடு யாரிடம் இருந்தது, அதை யார் தொடலாம், யார் காதால் கேட்கவும் கூடாது என்கின்ற சங்கதிகளை நமது வாசகர்களுக்கு நாம் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி அச்சேறிய புத்தகத்தைப் பாமர மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் பண்டிதர்களா என்றால் அதுவுமில்லை. சென்னையில் குஜிலிக் கடை என்று சொல்லப்பட்ட அந்திக் கடைவீதியில், மலிவுத் தாளில் அச்சடித்துச் சில்லறைக் காசுக்கு விற்ற சிறு வியாபாரிகள்தான் அந்த வேலையைச் செய்தார்கள். ஓரிடத்தில் கொலை நடந்தால் கொலைச் சிந்து, வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து, ரயில் கவிழ்ந்தால் அதற்கொரு சிந்து என்று ஊர்ச் சங்கதி உடனே புத்தகமாகிவிடும். அவற்றைச் சந்தையிலும் திருவிழாவிலும் பாடிக்கொண்டே விற்பார்கள். கண் மங்கினவர்களும், எழுத்துக் கூட்டிப் படிக்கின்றவர்களும் படிக்கட்டும் என்று 'பெரிய எழுத்து' என்று மேலட்டையில் போட்டே கதைப் புத்தகங்கள் அச்சடித்தார்கள். அவைகளில் மூடநம்பிக்கை மலிந்திருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் புத்தகத்தை மனிதன் தேடி வருவதற்கு முன், மனிதனைத் தேடிப் புத்தகம் போக வேண்டும் என்கின்ற சூட்சுமம் அந்த வியாபாரிக்குத் தெரிந்திருந்தது, பண்டிதருக்குத் தெரியவில்லை. நூற்றுக்குப் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தாலே அதிகம் என்றிருந்த அக்காலத்தில், ஒருவர் படிக்கப் பலர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

பிறகு வெளியூர்களும் விழித்துக்கொண்டன. 1920ஆம் வருஷத்தில் திருநெல்வேலியில் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் ஏற்பட்டது. அதன் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. ஆனால் சென்னைக்குப் போகாமல் ஒரு ஜில்லாப் பட்டணத்திலிருந்தே தமிழ்ப் புத்தகம் போட்டுத் தமிழ்நாடெங்கும் அனுப்பலாம் என்று அவர்கள் காட்டினார்கள். 1925ஆம் வருஷத்தில் ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' கிளம்பிற்று. 1931ஆம் வருஷத்தில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்கின்ற ஓய்வு பெற்ற இஞ்சினீயர் ஒருவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் இல்லை, கிராமங்களுக்குச் சரியான ரஸ்தா இல்லை, படித்தவர்களோ சொற்பம். அந்தக் காலத்தில் வண்டி மாடு கட்டிப் புத்தகம் கிராமத்துக்குப் போயிற்று. 2011ஆம் வருஷக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்தவர்கள். வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. இப்பொழுது ஊரிலிருந்த ஒரு கடையும் மூடப்படுகிறது என்றால், நாம் முன்னுக்குப் போகின்றோமா, பின்னுக்குப் போகின்றோமா?

இதற்கு நமது நண்பர்கள் சொல்லும் சமாதானங்கள் இரண்டு. முதலாவது, "அதுதான் புத்தகத் திருவிழா நடக்கிறதே" என்பது. நடக்கிறது, நாம் மறுக்கவில்லை. சென்னையில் 1977 முதல் புத்தகக் காட்சி நடந்து வருகிறது. ஈரோட்டில் 2005 முதல் மக்கள் சிந்தனைப் பேரவையார் நடத்தி வரும் திருவிழாவைப் பார்த்தவர்கள், வெளியூரில் புத்தகம் விலை போகாது என்கின்ற பேச்சை விட்டுவிட்டார்கள். 2022 முதல் சர்க்காரே ஜில்லாதோறும் புத்தகத் திருவிழா நடத்த முன்வந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டியல் கொடுத்து, அதில் சேர்ந்த காசைக் கொண்டுவந்து புத்தகம் வாங்கச் செய்கின்ற ஏற்பாடும் சில ஜில்லாக்களில் உண்டு. உண்டியல் என்றால் நமக்கு வேறொரு ஞாபகம் வரும். இந்த உண்டியலை மட்டும் நாம் மனப்பூர்வமாய் ஆதரிக்கின்றோம்.

ஆனால் திருவிழா எத்தனை நாள்? பத்து நாள் அல்லது பன்னிரண்டு நாள். மீதி முந்நூற்றைம்பது நாளுக்கு என்ன வழி? தேர் நிலைக்கு வந்துவிட்டால் தேரோடும் வீதியில் மறுபடியும் மாடு படுத்துக் கொள்ளுகிறது. ஆடியில் வாங்கின புத்தகத்தைப் படித்து முடித்த ஒரு பையனுக்கு, அதே ஆசிரியர் எழுதின அடுத்த புத்தகம் வேண்டுமென்று ஐப்பசியில் ஆசை வந்தால், அவன் அடுத்த ஆடி வரை பொறுத்திருக்க வேண்டுமா? அந்த ஆசை அதுவரை உயிரோடிருக்குமா? திருவிழாவில் வாங்கினவனை வாசகனாக்குவது உள்ளூர்க் கடைதான். அது இல்லாவிட்டால் திருவிழாச் சாப்பாடு ஒருநாள் விருந்தாகுமேயொழிய உடம்பில் ஒட்டாது.

இரண்டாவது சமாதானம், "எல்லாம் செல்போனில் கிடைக்கிறதே, ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறதே" என்பது. பெயர் தெரிந்த புத்தகத்தை அப்படி வாங்கலாம் என்பது மெய்தான். பெயரே தெரியாத புத்தகத்தை எப்படி ஆர்டர் போடுவது? செல்போன் என்ன செய்கிறதென்றால், நேற்று நாம் எதைப் பார்த்தோமோ அதைப்போலவே இன்னும் பத்தைக் கொண்டுவந்து காட்டுகிறது. ஜோசியம் பார்த்தவனுக்கு மேலும் ஜோசியம். சினிமா பார்த்தவனுக்கு மேலும் சினிமா. நம் பேச்சைக் கேட்கிறவனுக்கும் நம்முடைய பேச்சாகவே வந்து கொட்டும். இதனால் அவனவன் தலைக்குள் இருப்பதே அவனவனுக்குத் திரும்பி வருகின்றதேயன்றி, வெளியிலிருந்து புதிதாக ஒன்றும் உள்ளே போவதில்லை. கடையில் அப்படியல்ல. உரமிடுவதைப் பற்றிப் புத்தகம் தேடிப் போன குடியானவன் பக்கத்து அலமாரியில் மண்புழுவைப் பற்றி ஒரு புத்தகத்தைப் பார்ப்பான். அதற்கடுத்தாற்போல் டார்வினைப் பற்றி ஒன்றைப் பார்ப்பான். அவன் தேடிப் போகாததே அவனை மாற்றுகிறது.

நமக்கே நடந்தது இதுதான். நாம் காலேஜ் வாசலை மிதித்தவரல்ல. எட்டாவதோடு படிப்பு நின்றுபோய்த் தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போன காலத்தில், மழைக்கு ஒதுங்கினது அந்தக் கடையின் தாழ்வாரத்தில்தான். நின்றுகொண்டே பாதிப் புத்தகம் படித்தோம். கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படி" என்றாரேயொழிய விரட்டவில்லை. மறுவாரம் சம்பளம் வாங்கி மீதிப் பாதியைப் படிக்கப் பணம் கொடுத்து வாங்கினோம். இன்று இந்தப் பத்திரிகையில் நாலு வரி எழுத நமக்கு வந்திருக்கும் யோக்கியதை, அன்று அந்த மழையும் அந்தக் கடையும் சேர்ந்து கொடுத்ததாகும். இன்றைக்குத் தறிக்கூடத்தில் நிற்கும் பதினைந்து வயதுப் பையன் மழைக்கு எங்கே ஒதுங்குவான்?

நிற்க. கடைக்காரர் பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம். 200 ரூபாய் விலை போட்ட ஒரு புத்தகத்துக்குப் பதிப்பாளர் கொடுக்கும் கழிவு பெரும்பாலும் நூற்றுக்கு 30 முதல் 35 வரையில்தான். 35 என்றே வைத்துக் கொள்ளுங்கள். 70 ரூபாய். அதில் வாங்க வருகிறவர், "புத்தகக் காட்சியில் பத்துப் பர்சென்ட் தள்ளுபடி கொடுக்கிறார்களே" என்று 20 ரூபாயைப் பிடித்துக் கொள்ளுவார். மீதி 50. இந்த 50 ரூபாயில்தான் கடை வாடகை, கரண்டுப் பில், ஆள் சம்பளம், லாரி வாடகை, செல்லரித்தது, கறைபட்டது எல்லாம் அடங்க வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை புத்தகம் விற்றால் ஒரு குடும்பம் சாப்பிட முடியும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கட்டும். ஒரே மூச்சில் 3,000 ரூபாய்க்கு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, டிப்ஸும் வைத்துவிட்டு, 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு இருபது ரூபாய் தள்ளுபடி கேட்டு வாதாடுகிற படித்த கனவான்களை நாமே பார்த்திருக்கின்றோம்.

தபாலில் வரவழைக்கிறவர்கள் கதியும் மெச்சும்படியாக இல்லை. குறைந்த செலவில் புத்தகம் அனுப்ப உதவி வந்த பதிவுப் புத்தகத் தபாலை 2024 டிசம்பரில் தபால் இலாகா நிறுத்திவிட்டது. சிறு பதிப்பாளர்களும் வாசகர்களும் போட்ட கூச்சலுக்குப் பிறகு, 2025 மே மாதம் முதல் 'கியான் போஸ்ட்' என்று ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தனித்தனியாக ஒரு புத்தகம் வாங்குகிறவனுக்குக் கூலி கனக்கும். ஊருக்கு மொத்தமாக ஐந்து கிலோ தருவித்துப் பங்கிட்டுக் கொண்டால் ஆளுக்குச் சில்லறைதான் ஆகும். இதிலிருந்தே, தனித்தனியாய் இருப்பவனுக்கு நஷ்டமும் கூடியிருப்பவனுக்கு லாபமும் என்பது விளங்கவில்லையா?

கடையில்லாதது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, எந்தப் புத்தகம் வந்திருக்கிறது என்கின்ற சேதியே ஊருக்குள் வராமலிருப்பது. முன் காலத்துப் பத்திரிகைகளில் 'வரப்பெற்றோம்' என்று ஒரு பகுதி இருக்கும். புத்தகத்தின் பெயர், எழுதினவர், விலை, கிடைக்குமிடம், நாலு வரி அபிப்பிராயம். அதைப் பார்த்துத்தான் கிராமத்து ஆசிரியர்களும், தபால்காரர்களும், சிறு வியாபாரிகளும் வி.பி.யில் புத்தகம் தருவித்தார்கள். இன்றைக்கு உள்ளூர்ப் பத்திரிகைகளில் என்ன வருகிறது? எந்தத் தலைவர் எந்தக் கடையைத் திறந்து வைத்தார், எந்தக் கோயிலில் எந்த நேரத்தில் தீபாராதனை, எந்த ராசிக்குப் பணம் வரும் என்பன வருகின்றன. நம் ஜில்லாவிலேயே ஒரு பள்ளி ஆசிரியர் பல வருஷம் உழைத்து ஊர்ச் சரித்திரம் எழுதிக் கைக்காசு போட்டு வெளியிட்டால், பக்கத்து ஊருக்குக்கூட அது தெரிவதில்லை. ஏழு கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில் ஒரு நல்ல புத்தகம் ஆயிரம் பிரதி செலவாக வருஷக்கணக்காகிறது என்றால், அதற்கு வாசகன் இல்லாதது மட்டும் காரணமல்ல. வாசகனுக்குச் சேதி சொல்ல ஆளில்லாததும் காரணமாகும். இதில் நமது பத்திரிகையும் குற்றவாளியே. கூட்டச் செய்திகளுக்குப் பக்கம் பக்கமாக இடங்கொடுத்த நாம், புத்தகச் சேதிக்கு அரைப் பக்கம் ஒதுக்கினோமில்லை.

இனி லைப்ரரி விஷயம். 1948ஆம் வருஷத்தில், அவினாசிலிங்கம் அவர்கள் கல்வி மந்திரியாயிருந்தபோது, சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் செய்யப்பட்டது. சுதந்திரம் வந்தபின் இந்தியாவில் ஏற்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுதான். அதற்குப் பின்னாலிருந்து பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் என்பவர். புத்தகம் என்பது பூட்டி வைப்பதற்கல்ல, உபயோகிப்பதற்கே என்பதுதான் அவர் கொள்கையின் சாரம். சொன்னவர் யார் என்று பாராமல் சொன்னதைப் பார்க்கிறவர்கள் நாம். ஆதலால் அதை ஒப்புக் கொள்ளுகின்றோம். அச்சட்டத்தின்படி நாம் ஒவ்வொருவரும் வீட்டு வரியோடு நூலக வரியும் கொடுத்து வருகின்றோம். இப்போது அது வீட்டு வரியில் நூற்றுக்குப் பத்து. 1,000 ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் 100 ரூபாய் லைப்ரரிக்குக் கொடுக்கிறார். ரசீதை எடுத்துப் பாருங்கள், தெரியும். இந்த வரியை வசூலிக்கும் ஸ்தல ஸ்தாபனங்கள் பல, அதை நூலக ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் கட்டாமல் பாக்கி வைத்துக் கொள்ளுவதாகப் பத்திரிகைகளில் அடிக்கடி சேதி வருகிறது.

சாமிக்குக் கொடுத்த காணிக்கைக்குக் கணக்குக் கேட்பவர்கள் நாம். நம்மிடம் வசூலித்த நூலக வரிக்குக் கணக்குக் கேட்டோமா? மாநிலத்தில் சுமார் 4,600 பொது நூலகங்கள் இருக்கின்றன. சென்னையில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் மாளிகைகளாக எழுந்து நிற்கின்றன, பார்த்துச் சந்தோஷப்படுகின்றோம். ஆனால் நமது ஊர்க் கிளை நூலகத்தில் மழை பெய்தால் அலமாரியை நகர்த்த வேண்டியிருக்கிறது. இந்த வருஷம் என்ன புத்தகம் வந்தது என்று எழுதி ஒட்டக்கூட ஒரு பலகை இல்லை. இதற்காக நூலகரை நொந்து பயனில்லை. கேட்கிற வாசகர் நாலு பேர் இருந்தால் அவரும் மேலே எழுதிக் கேட்பார். வாசகர் வட்டம் என்று ஒன்று வைத்துக் கொள்ள இடமிருந்தும், அதில் சேர ஆள் வராவிட்டால் அவர் யாருக்காகக் கேட்பது?

இங்கே நமது தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் கூட்டங்களில் புத்தகம் விற்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். விற்கின்றோம். மேடைக்குப் பக்கத்தில் துண்டு விரித்து நமது புத்தகங்களையே விற்கின்றோம், நம்மவர்களே வாங்குகிறார்கள். அது பிரசாரம், அவசியமானதுதான். ஆனால் நம் புத்தகத்தை மட்டும் விற்கிற இடம் புத்தகக் கடையாகாது. எதிரியின் புத்தகமும் அதே அலமாரியில் இருக்க வேண்டும். புராணமும் இருக்கட்டும், அதற்கு நாம் எழுதின மறுப்பும் இருக்கட்டும். இரண்டையும் படித்துவிட்டு எது அறிவுக்குப் பொருந்துகிறது என்று மனிதன் தானே முடிவு செய்யட்டும். அப்படி முடிவு செய்ய விட்டால் நாம் தோற்றுவிடுவோம் என்கின்ற பயம் நமக்கிருக்குமானால், நாம் பகுத்தறிவு என்று சொல்லிக் கொள்ளுவதற்கு அர்த்தமே இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் படிக்கச் சொல்லுகிறவன் புரோகிதன். அவன் எந்தக் கட்சித் துண்டைப் போட்டிருந்தாலும் புரோகிதனே.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பக்கத்து மலையாள தேசத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுகின்றோம். 1945ஆம் வருஷத்தில் கோட்டயத்தில் பன்னிரண்டு பேர், 120 ரூபாய் மூலதனத்தில் எழுத்தாளர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். சாகித்திய பிரவர்த்தக சங்கம் என்று அதற்குப் பெயர். புத்தகம் போட்டார்கள், விற்க நேஷனல் புக் ஸ்டால் என்று கடைகளும் வைத்தார்கள், எழுதினவனுக்கு நூற்றுக்கு முப்பது பங்கு கொடுத்தார்கள். அதே 1945இல் பி.என்.பணிக்கர் என்கின்ற ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், அம்பலப்புழையில் 47 ஊர் வாசகசாலைக்காரர்களைக் கூட்டிவைத்து நூலகச் சங்கம் ஆரம்பித்தார். ஊருக்கு ஊர் வாசகசாலை என்று இன்றைக்கு அந்நாட்டில் நாம் பார்த்து ஆச்சரியப்படுவதெல்லாம் இப்படி வந்ததே. அவர்களுக்கு ஆகாயத்திலிருந்து யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரும் நம்மைப் போன்றவர்களே.

ஆகவே நாம் சொல்லும் யோசனைகள் இவையாகும்.

ஒன்று: அடுத்த இதழ் முதல் நமது பத்திரிகையில் வாரம் அரைப் பக்கம் 'புத்தகச் சேதி' என்று ஒதுக்கப்படும். இந்த ஜில்லாவில் எழுதப்படும், அச்சாகும், விற்கப்படும் புத்தகங்களைப் பற்றிப் பெயர், விலை, கிடைக்குமிடத்துடன் வெளியிடுவோம். நமக்கு மாறான கொள்கையுள்ள புத்தகமானாலும் இடமுண்டு. நமது அபிப்பிராயத்தையும் கூடவே சொல்லுவோம்.

இரண்டு: டீக்கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் பத்திரிகை போடுகின்ற தோழர்கள், கூடவே ஒரு சிறு கரும்பலகை மாட்டி, வந்த புத்தகங்களின் பெயரை வாரம் ஒருமுறை எழுத வேண்டும். குஜிலிக்காரர் பாடி விற்றார். நாம் எழுதியாவது காட்டுவோம்.

மூன்று: நூலக வரி கட்டுகின்ற ஒவ்வொருவரும் கிளை நூலகத்தில் உறுப்பினராகி, வாசகர் வட்டத்தில் சேர்ந்து, வரி எவ்வளவு வசூலாயிற்று, எவ்வளவு கட்டப்பட்டது, என்ன புத்தகம் வந்தது என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

நான்கு: நமது இயக்கத் திருமணங்களிலும் பிறந்தநாள்களிலும் சால்வைக்கும் மாலைக்கும் ஆகும் செலவைப் புத்தகத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு மணி நேரத்தில் வாடுகிற மாலையின் விலைக்கு ஐம்பது வருஷம் இருக்கும் புத்தகம் கிடைக்கும்.

ஐந்து: ஊருக்கு நூறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் பங்கு போட்டால் ஒரு லட்ச ரூபாய் சேரும். ஒரு சின்ன அறைக்கு அட்வான்சும், நாலு அலமாரியும், முதல் சரக்கும் அதில் ஆகும். அந்த நூறு பேரும் மாதம் ஒரு புத்தகம், ஒன்றே ஒன்று, தள்ளுபடி கேளாமல் வாங்குவதாக ஒப்புக்கொண்டால், வருஷத்துக்கு 1,200 புத்தகம் நிச்சய விற்பனை. அதை வைத்துக்கொண்டு வாடகையைச் சமாளிக்கலாம். மேற்கொண்டு விற்பதில் கடை வளரட்டும்.

இதைப் பகல் கனவு என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். நாம் இந்த யோசனைகளை எழுதி எடுத்துக்கொண்டு, கடையை மூடின அந்தப் பெரியவரிடமே மறுபடியும் போய்க் காட்டினோம். படித்துப் பார்த்துவிட்டு, "முதல் நாலும் பேச்சு. ஐந்தாவதைச் செய்தால், எந்தப் பதிப்பாளர் எவ்வளவு கழிவு கொடுப்பார், எந்தப் புத்தகம் இந்த ஊரில் போகும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். சம்பளம் வேண்டாம். காலையில் இரண்டு மணி நேரம் வந்து உட்காருகிறேன். ஆனால் நூறு பேரில் நீங்கள் எத்தனாவது ஆள்?" என்று கேட்டார். முதல் ஆள் என்று சொல்லி ஆயிரம் ரூபாயை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கின்றோம். பெயர்ப் பலகை அவர் வீட்டு நடையில்தான் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. எழுத்து இன்னும் அழியவில்லை.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு நமது காரியாலயத்தில் இது விஷயமாய்க் கூடுகின்றோம். சொற்பொழிவு கிடையாது, மாலை கிடையாது, தலைவர் கிடையாது. பெண்களும் மாணவர்களும் அவசியம் வரவேண்டும். பங்குப் பணம் இல்லாதவர்கள் வாங்க விரும்பும் ஒரு புத்தகத்தின் பெயரையாவது எழுதிக்கொண்டு வரட்டும். இன்னும் தொண்ணூற்றொன்பது பேர் வேண்டும்.